மென்னிறங்களில் ஒரு தீபாவளி விருந்து மேசை

தீபாவளி என்றதும் நம் கண்முன் வருபவை அடர்நிறங்களே. ஈப்போ லிட்டல் இந்தியாவில் திருநாளுக்கு முந்திய வாரம் நடந்து பாருங்கள். கடை வாசல்களில் தொங்கும் சேலைகளில் சிவப்பும் ஊதாவும் போட்டி போடும். பலகாரத் தட்டுகளில் பச்சையும் இளஞ்சிவப்பும் மின்னும். பேரங்காடிகளின் நடுக்கூடத்தில் சாயமேற்றிய அரிசியால் பெரிய வண்ணக்கோலம் விரிந்திருக்கும். இத்தனை நிறங்களுக்கு நடுவே, அண்மைக்காலமாக நம் இளையோர் சிலர் வீட்டு விருந்து மேசையை மட்டும் வேறு விதமாக ஒப்பனை செய்யத் தொடங்கியுள்ளனர். வெள்ளை, தந்தம், சந்தனம், வைக்கோல், மணல், மண் ஆகிய வெளிர் நிறங்களையே அவர்கள் தேர்ந்தெடுக்கின்றனர். கண்ணை உறுத்தாத இந்நிறங்களை மென்னிறங்கள் என்று அழைக்கலாம்.

'இது வெள்ளைக்காரர் பாணி' என்று சில பெரியவர்கள் சொல்வதுண்டு. ஒரு பகுதி உண்மைதான். மேனாட்டுப் பண்டிகை மேசைகளின் படங்களைப் பார்த்தே பலருக்கு இந்த ஆசை பிறக்கிறது. ஆயினும் பேராக் மாநிலத் தமிழர்களுக்கு இந்நிறங்கள் புதியவை அல்ல. நம் தாத்தா பாட்டியர் இவற்றின் நடுவேதான் வாழ்ந்தனர்.

1877-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து சிங்கப்பூருக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்து சேர்ந்தன. அவற்றுள் 9 கன்றுகள் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அவ்வழியில் வந்த முதிய மரம் ஒன்று இன்றும் அவ்வூரில் வேலியிட்டுக் காக்கப்படுகிறது. பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் வந்து பால்மரம் சீவினர். அந்த ஒரு மரத்திடம் எத்தனை மென்னிறங்கள் இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். விடியலில் உளி பட்டதும் வடியும் பால் தூய வெண்மை. மங்கின் விளிம்பில் காய்ந்து ஒட்டிய பால் தந்த நிறம். அமிலம் சேர்த்து உறைய வைத்து, உருளைகளுக்கு இடையே அழுத்தி எடுத்த ஷீட்டு பாலாடை நிறம். அதையே புகைக்கொட்டகையில் சில நாள் தொங்கவிட்டால் தேன் நிறம். மரத்தடியில் வெடித்துச் சிதறிய விதைகளிலோ சாம்பலும் பழுப்பும் கலந்த புள்ளிகள். தீபாவளிக்கு முன்னர் லயத்துச் சுவர்களுக்கு அடித்த சுண்ணாம்பையும், வாசலில் இட்ட அரிசிமாக் கோலத்தையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம்.

அன்று மேசை இல்லை. லயத்து வீட்டின் முன்னறையில் பாய் விரித்து, அதன்முன் வாழையிலை போட்டு, வரிசையாக அமர்ந்து உண்டார்கள். இட நெருக்கடியால் ஆண்களும் பிள்ளைகளும் முதல் பந்தி, பெண்கள் கடைசிப் பந்தி. சமைத்தவர்கள் ஆறிய சோற்றை உண்ட அந்த வழக்கத்தை நினைத்துப் பெருமைப்பட ஒன்றுமில்லை. பின்னர், பல தோட்டங்களில் ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா, கம்பார் போன்ற ஊர்களின் தாமான்களில் குடியேறின. அங்குதான் மேசை வந்தது. மேசையைச் சுற்றி ஆண், பெண், பெரியவர், சிறியவர் எல்லாரும் ஒரே நேரத்தில் அமர முடிந்தது. அண்டை வீட்டு மலாய்க்காரரும் சீனரும் திறந்த இல்ல உபசரிப்புக்கு வந்து அதே மேசையில் அமர்ந்தனர். ஆகவே, விருந்து மேசையை ஒப்பனை செய்வதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது. யார் யார் எங்கே அமர்கிறார்கள், அவர்கள் மனம் எதனால் மகிழும், எதனால் வருந்தும் என்ற கேள்விகளும் அதில் அடங்கியுள்ளன.

மென்னிற மேசைக்கு அறிவியல் காரணம் ஒன்றும் உண்டு. பிரான்சு நாட்டு வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல், பாரிஸ் நகரில் புகழ்பெற்ற கோபலான் திரைச்சீலை நெசவாலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தார். அங்குச் சாயமேற்றிய கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்ற குறை எழுந்தது. அவர் ஆராய்ந்தார். சாயத்தில் குறை இல்லை. கறுப்பு நூலுக்கு அருகில் நெய்த நிறங்களே அதை அப்படிக் காட்டின. ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தால் மாறித் தெரியும் என்ற இந்த உண்மையை விளக்கி 1839-இல் அவர் ஒரு நூலை வெளியிட்டார். நம் மேசைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். சிவப்புத் துணியின்மேல் மஞ்சள் சோற்றை வைத்தால், சோறு சற்றுப் பச்சை ஓடியதுபோல் தோன்றும். அதே சோற்றைச் சந்தன நிறத் துணியின்மேல் வைத்தால் அதன் மஞ்சள் அப்படியே நிற்கும். நாவும் கண்ணை நம்புகிறது. 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே ஸ்ட்ராபெரி இனிப்பை வெள்ளைத் தட்டிலும் கறுப்புத் தட்டிலும் வைத்துக் கொடுத்தார்கள். வெள்ளைத் தட்டில் உண்டவர்கள் அது கூடுதலாக இனிப்பதாகக் கூறினார்கள்.

தீபாவளி உணவுக்கோ நிறப் பஞ்சமே இல்லை. ஆட்டிறைச்சிப் பிரட்டலின் ஆழ்ந்த பழுப்பு, மீன் குழம்பின் சிவப்பு, பருப்பின் மஞ்சள், புதினாத் துவையலின் பச்சை, கத்தரிக்காயின் கருநீலத் தோல் என எல்லாம் இருக்கின்றன. அவற்றுக்கு அடியில் பளபளக்கும் பட்டுத் துணியும் ஜரிகையும் வண்ணக் காகிதப் பூக்களும் கிடந்தால், எதைப் பார்ப்பது என்று கண் தடுமாறும். மேசை பின்வாங்கி நின்றால் உணவு முன்னே வரும்.

இனி, இதில் உள்ள சிக்கலுக்கு வருவோம். ஒரு வீட்டை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கணவரை இழந்து, இப்போது ஈப்போவில் மகன் வீட்டில் வாழும் பாட்டி. நான்காம் படிவம் பயிலும் பேத்தி. தீபாவளியன்று மாலை விருந்துக்காகப் பேத்தி மேசைமீது புதிய வெள்ளைத் துணியை விரிக்கிறாள். பாட்டியின் முகம் மாறுகிறது.

"என்னம்மா இது, நல்ல நாளும் அதுவுமா வெள்ளைத் துணிய விரிச்சிருக்க?"

"அழகா இருக்கும் பாட்டி. சாப்பாடு எடுப்பாத் தெரியும்."

"எங்கம்மா இருபத்தெட்டு வயசுல வெள்ளைக்கு மாறுனவங்க. அதுக்கப்புறம் எந்த நல்ல காரியத்துலயும் முன்னால வந்து நின்னதில்ல. அடுப்படியிலயே நின்னுட்டாங்க. வெள்ளையப் பாத்தா எனக்கு அதுதாம்மா ஞாபகம் வருது."

பேத்தியிடம் இதற்கு உடனே மறுமொழி இல்லை. 'அதெல்லாம் பழைய காலம் பாட்டி' என்று சொல்லிவிட்டுத் துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருக்கலாம். பலரும் அப்படித்தான் செய்வர். அது மரியாதை ஆகாது. கணவனை இழந்த பெண்ணுக்கு வெள்ளைச் சேலை உடுத்தி மூலையில் நிறுத்தியது நம் சமூகம் செய்த கொடுமை. அந்தக் கொடுமையின் நினைவு ஒரு நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நினைவு பொய் அன்று. ஆனால், அதே வெள்ளைதான் கோலமாவிலும் மல்லிகையிலும் திருநீற்றிலும் பொங்கும் பாலிலும் மாப்பிள்ளையின் வேட்டியிலும் இருக்கிறது. வெள்ளை நம்மிடம் துக்கத்துக்கும் உரியது, மங்கலத்துக்கும் உரியது. இரண்டில் எது என்பதை அதன் அருகில் இருப்பதே முடிவு செய்கிறது. ஷெவ்ரல் நூல்களில் கண்டதும் ஏறக்குறைய இதுதான்.

நம் வீடுகளில் தீபாவளிக்குப் புத்தாடை உடுத்துமுன் அதன் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைப்பார்கள். அந்த வழக்கத்தைப் பேத்தி நினைத்துக்கொள்கிறாள். மஞ்சளை நீரில் குழைத்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவருகிறாள்.

"பாட்டி, துணியோட நாலு மூலையிலயும் நீங்களே மஞ்சள் வச்சு விடுங்க."

"நானா? உங்கம்மாவ வைக்கச் சொல்லு."

"இல்ல பாட்டி. நீங்கதான் வைக்கணும்."

பாட்டி சற்று நேரம் கிண்ணத்தையே பார்த்துவிட்டு மோதிர விரலை அதில் தோய்க்கிறார். நான்கு மூலையிலும் நான்கு மஞ்சள் புள்ளிகள் விழுகின்றன. பிறகு, அவராகவே பூசையறையிலிருந்து குங்குமத்தைக் கொண்டுவந்து ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் வைக்கிறார். வெள்ளைத் துணி இப்போது திருநாள் துணி.

மேசைக்கு வரும் விருந்தினரைப் பற்றியும் இதே கவனம் வேண்டும். சீன மரபில் வெள்ளை துக்கத்தின் நிறம். வெள்ளைச் செவ்வந்தியும் மஞ்சள் செவ்வந்தியும் இறுதிச் சடங்குக்குரிய மலர்கள். மலாய்க்காரர்களின் இடுகாடுகளில் கெம்போஜா மரம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் வெள்ளைப் பூ எவ்வளவு அழகாக இருந்தாலும், விருந்து மேசையில் அதைக் கண்டால் சிலருக்குக் கல்லறை நினைவு வரும். மல்லிகைமீது யாருக்கும் வருத்தம் இல்லை. அதையும் கொஞ்சமாகவே வையுங்கள். மணம் மிகுந்தால் குழம்பின் வாசனையோடு மோதும். வெறும் வெள்ளையாக விடாமல் சந்தனம், வைக்கோல், மண் நிறங்களைக் கலந்தால் எவருக்கும் துக்க வீட்டு நினைவு எழாது. என் கருத்தில், மென்னிற மேசையில் வெள்ளை பாதிக்குமேல் இருக்கக் கூடாது.

எந்தத் துணி நல்லது? வெளுக்காத பருத்தித் துணியைக் காடாத் துணி என்பர். அதன் நிறம் நெல் உமியை ஒத்த வெளிர் பழுப்பு. துணிக்கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும், விலையும் குறைவு. கரை போட்ட புதிய வேட்டியையும் விரிக்கலாம். உடுத்திய வேட்டியை விரித்தால் மட்டும் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அதில் நியாயமும் உண்டு.

துணி வாங்குமுன் அளவு எடுக்க வேண்டும். நம் வீடுகளில் ஆறு பேர் அமரும் மேசை பெரும்பாலும் 150 செ.மீ. நீளமும் 90 செ.மீ. அகலமும் இருக்கும். நான்கு பக்கமும் 20 செ.மீ. தொங்க வேண்டுமானால், 190 செ.மீ. நீளமும் 130 செ.மீ. அகலமும் கொண்ட துணி தேவை; மடித்துத் தைக்க இன்னும் சிறிது கூட்டிக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 45 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள வாழையிலை என்று கொள்வோம். நீளப் பக்கங்களில் இருவர் இருவராகவும், இரு முனைகளில் ஒருவர் ஒருவராகவும் அமர்ந்தால், எல்லா இலைகளுக்கும் இடம் போக நடுவில் 90 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் கொண்ட ஒரு பட்டை மிஞ்சும். ஒப்பனைக்கு உங்களுக்குக் கிடைப்பது அவ்வளவே! குழம்புக் கிண்ணங்களும் அதற்குள்தான் இடம்பெற வேண்டும். படங்களில் காணும் பெரிய பூச்சாடிகள் நம் மேசைக்கு ஏன் ஒத்துவருவதில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். மேனாட்டு மேசையில் தட்டு சிறியது. பரிமாறுவதும் ஒவ்வொன்றாக நடக்கும். நம் இலையோ எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஏந்தி நிற்கும்.

வாழையிலையை நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்கும்படி இடுவது நம் மரபு. மேசையில் உள்ள ஒரே அடர்நிறம் அந்த இலையின் பச்சையாக இருக்கட்டும். அதனோடு போட்டியிடும் வேறு பச்சையைச் சேர்க்க வேண்டாம். வேற்றினத்து நண்பர்களுக்கு இலையில் உண்டு பழக்கம் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஈப்போவில் வாழையிலைச் சோறு உண்ணாதவர் யார்?

நடுப் பட்டையில் மெங்குவாங் பாயின் ஒரு துண்டை விரிக்கலாம். மெங்குவாங் நம் தாழையின் இனம். மலாய்ப் பெண்கள் அதன் முள்ளை நீக்கி, ஓலையைக் கீறி, ஊறவைத்து, வெயிலில் உலர்த்திப் பின்னுகின்றனர். சாயமேற்றாத பாயின் நிறம் வெளிர் வைக்கோல் நிறம். லயத்து வீட்டில் பந்திக்கு விரித்த பாயை நினைவூட்டும் துண்டு அது. அதன் இரு ஓரங்களிலும் குருத்தோலைச் சரங்களை வைக்கலாம். தென்னங்குருத்து மிக அழகான மென்னிறம். வெண்ணெயில் ஒரு துளி எலுமிச்சை கலந்தாற்போல் இருக்கும். நாம் தோரணம் பின்னும் அதே குருத்தோலையில்தான் நம் மலாய் நண்பர்கள் பெருநாளுக்குக் கெத்துப்பாட் கூடு பின்னுகின்றனர். ஒன்றைக் கவனியுங்கள். மங்கலத் தோரணமும் அமங்கலத் தோரணமும் மடிப்பில் வேறுபடும். இணையத்தில் கண்ட படத்தைப் பார்த்துப் பின்னாமல், தெரிந்த பெரியவரிடம் கேட்டுப் பின்னுவதே நல்லது. பாட்டியிடம் பேச இது மற்றொரு வாய்ப்பு.

மென்னிறங்கள் மட்டுமே இருந்தால் மேசை சோகை பிடித்தாற்போல் தெரியும். ஒரு கரிய பொருள் வேண்டும். பேராக்கில் அதற்குத் தேடி அலைய வேண்டியதில்லை. கோலகங்சாருக்கு அருகிலுள்ள சாயோங் கிராமத்தில் சுரைக்காய் வடிவில் மண்குடுவை செய்கிறார்கள். லாபு சாயோங் என்பது அதன் பெயர். சூளையில் சுட்ட குடுவையைச் சூட்டோடு நெல் உமியில் புதைக்கிறார்கள். உமி புகைந்து குடுவைக்குக் கறுப்பு ஏறுகிறது. நம் மண்பானையைப் போலவே அதுவும் நீரைக் குளிர வைக்கும். மேசையின் நடுவே அந்தக் கரிய குடுவை ஒன்று நின்றால், அதைச் சுற்றியுள்ள சந்தனமும் வைக்கோலும் உயிர்பெறும். பேராக் மாநிலக் கொடியைப் பாருங்கள்: மேலே வெள்ளை, நடுவில் மஞ்சள், கீழே கறுப்பு. சுல்தானையும் ராஜா மூடாவையும் ராஜா டி ஹிலிரையும் குறிக்கும் நிறங்கள் அவை. வெள்ளைத் துணி, மஞ்சள் புள்ளி, கரிய குடுவை என நம் மேசையும் அதே வரிசையில் அமைந்துவிடுகிறது. பேராக் என்ற சொல்லுக்கே வெள்ளி என்று பொருள். அந்தப் பங்கை நம் வீட்டு எவர்சில்வர் குவளைகள் செய்யட்டும். அவற்றைப் பழைய பாணி என்று அலமாரியில் ஒளித்துவிட்டு நெகிழிக் குவளை வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

தோட்டத்து நினைவுகளுக்கும் மேசையில் இடம் உண்டு. பால் வடித்த பழைய மண் மங்கு ஒன்று கிடைத்தால், நன்கு கழுவி அதில் மல்லிகையை மிதக்கவிடலாம். ரப்பர் இலைகளை நீரில் நெடுநாள் ஊறவைத்தால் சதை அழுகிப் போகும். மென்மையான தூரிகையால் தேய்த்தால் நரம்பு வலை மட்டும் மிஞ்சும். வெயிலில் உலர்த்திய அந்த நரம்பிலை சல்லாத் துணியைப் போன்று இருக்கும். கைவினைக் கடைகளில் அதைக் கொண்டு பூக்கள் செய்து விற்பதைக் கண்டிருக்கலாம். ஒவ்வோர் இலைக்கு அருகிலும் ஒரு நரம்பிலையை வைத்து, அதன்மேல் விருந்தினர் பெயரைச் சிறு அட்டையில் எழுதி வைக்கலாம். தமிழிலேயே எழுதுங்கள். சீன நண்பரும் மலாய் நண்பரும் தம் பெயரைத் தமிழ் எழுத்தில் கண்டு வியப்பார்கள். பலர் அந்த அட்டையை வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கேட்பார்கள். ரப்பர் விதைகளின் புள்ளியழகும் மேசைக்கு ஏற்றதுதான். ஆனால், பச்சையாக உண்டால் நஞ்சாகும் பொருள் அவ்விதையில் உள்ளது. சிறு பிள்ளைகள் வரும் வீடானால், விதைகளை மூடியுள்ள கண்ணாடிச் சாடியில் போட்டு மூடிவிடுங்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்தில் புந்தோங்கின் கச்சாங் பூத்தே இருக்கட்டும். மலாயில் அப்பெயருக்கு வெள்ளைக் கடலை என்று பொருள். முறுக்கும் வறுத்த கடலையும் பட்டாணியும் கலந்த ஒரு கிண்ணத்தில் நாம் தேடும் பழுப்பும் பொன்னும் தந்தமும் எல்லாம் இருக்கின்றன.

விளக்கொளியைப் பலர் மறந்துவிடுகின்றனர். நம் வீடுகளில் பகலொளி எனப்படும் 6500 கெல்வின் வெள்ளொளி விளக்குகளே மிகுதி. நீலம் ஓடிய அந்த ஒளியில் சந்தன நிறம் சாம்பலாகத் தெரியும். இறைச்சிக் குழம்பும் பழையதுபோல் தோன்றும். விருந்து நேரத்துக்கு மட்டும் 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள மஞ்சளொளி விளக்கைப் பொருத்தினால் மேசையின் தோற்றமே மாறிவிடும். அகல் விளக்கு ஏற்றுவதானால், காய்ந்த ஓலையிலிருந்தும் துணி ஓரத்திலிருந்தும் தள்ளி, ஒரு தட்டின்மேல் வையுங்கள். மேலே கூரைவிசிறி சுழல்வதை மறக்க வேண்டாம். விசிறிக் காற்றில் சுடர் அலையும், நரம்பிலை பறக்கும், உணவு பரிமாறும்வரை வாழையிலையின் ஓரமும் தூக்கும். ஒவ்வோர் இலையின் மேலும் நீர் நிறைந்த குவளையை வைத்துவிட்டால், பரிமாறத் தொடங்கும்வரை அது அசையாது. கோலத்தை மேசைமேல் போடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. விசிறி அந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிடும். கோலம் வாசலிலேயே இருக்கட்டும்; அரிசிமாவால், செம்மண் கரை கட்டி.

விருந்து முடிந்து இலைகளை எடுத்த பிறகுதான் துணியின் உண்மை நிலை தெரியும். குழம்புக் கறை கட்டாயம் இருக்கும். வெந்நீரில் போட்டால் கறை துணியில் ஏறிவிடும். முதலில் குளிர்ந்த நீரில் அலசுங்கள். பிறகு சவர்க்காரம் போட்டதும் மஞ்சள் கறை சட்டென்று சிவப்பாக மாறும். துணி கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டாம். மஞ்சள் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும் என்பதை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். நன்றாக அலசினால் மீண்டும் மஞ்சளாகும். அதற்குமேல் எந்த வேதிப்பொருளும் தேவையில்லை. வெயிலில் காயப் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் தானே வெளிறும். ஓரிரு நாளில் பெரும்பகுதி போய்விடும். நான்கு மூலையிலும் பாட்டி வைத்த புள்ளிகளும் சேர்ந்தே மங்கும். துணியை மடித்து வைக்கும்போது அவை எங்கே இருந்தன என்று தேடினால்தான் தெரியும். அடுத்த ஆண்டு விரிக்கும்போது, அதே இடத்தில் புதிதாகத் தொட்டு வைக்கச் சொல்ல வேண்டும்.